கையால் காகிதம், கையால் தையல்: ராமநாதபுரம் கடற்கரையில் விடுமுறைக் குறிப்பேடும் நினைவுப் பொருள்களும் செய்ய முழுமையான வழிகாட்டி

இந்தக் கரையில் காகிதம் செய்வது புரட்டாசி வேலை, தைப்பது கார்த்திகை வேலை. புதிதாகக் கற்க வருபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். டிசம்பர் பிறந்ததும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, அரையாண்டு விடுமுறை என்று பரபரத்துக் கூழ் கரைக்க உட்காருகிறார்கள். அப்போது வாடைக்காற்றும் மழையும் பிடித்துக்கொள்ளும். தாள் நாள் கணக்கில் ஈரமாகவே கிடந்து, கரும்புள்ளி பூத்து, கடைசியில் குப்பைக்குப் போகும்.

மதுரையிலோ கோவையிலோ எழுதிய செய்முறை மண்டபத்திலோ தொண்டியிலோ அப்படியே பலிக்காது. இங்கே உப்பும் ஈரமும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. அதனால் கூழ் கரைப்பதற்கு முன்னால் தண்ணீர், காயவைக்கும் இடம் இரண்டையும் முடிவு செய்யுங்கள்.

கீழே சொல்லும் அளவுகள் 48 பக்கம் உள்ள, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய ஒரு குறிப்பேட்டுக்கானவை.

1. முதலில் தண்ணீர்

போர்த் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்தில் அது பெரும்பாலும் உப்பு. காகிதம் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கிவிடும். காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் அந்த உப்பு அதை இழுத்துக்கொள்ளும். மழை நாளில் தாள் தொய்ந்து, பேனா முனை குத்தினால் பிய்கிறது என்றால் காரணம் இதுதான். இரும்புச் சத்துள்ள தண்ணீரானால் பழுப்புப் புள்ளிகளும் வரும்.

காவிரிக் குடிநீர் வந்தால் அது போதும். மழைத் தண்ணீர் இன்னும் நல்லது, ஆனால் முதல் மழையை விட்டுவிடுங்கள். மாடியில் படிந்திருக்கும் உப்பும் தூசியும் அதில்தான் கழுவி வரும். ஊருணித் தண்ணீர் உப்பில்லாமல் இருந்தாலும் கலங்கலாக இருக்கும். ஒரு நாள் தெளியவிட்டு, இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டுங்கள்.

ஊறவைக்க, அரைக்க, தொட்டிக்கு எல்லாம் சேர்த்து இருபது லிட்டர் கேன் ஒன்று போதும். தொட்டித் தண்ணீரை ஊற்றிவிடாமல் வடிகட்டி வைத்தால் மறுநாளும் ஆகும். அதற்கு மேல் வைத்தால் நாறும்.

2. காயவைக்கும் இடம்

வெயிலில் மணலோரம் காயவைக்கலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். செய்யாதீர்கள். கச்சான் காற்று ஓயாத நாளில் மணல் வந்து ஈரத் தாளில் ஒட்டும். காய்ந்த பிறகு அதைத் தட்டி எடுக்க முடியாது, எழுதும்போது பேனா முனை அதில் தடுக்கும். நேர் வெயிலில் ஓரம் முதலில் காய்ந்து சுருங்குவதால் தாள் அலை அலையாக வளையும்.

வேண்டியது கதவு ஜன்னல் உள்ள அறையும் மின்விசிறியும் ஒரு வழுவழுப்பான பரப்பும். சன்மைக்கா ஒட்டிய பலகை, பழைய ஜன்னல் கண்ணாடி, டைல்ஸ் சுவர் எதுவும் ஆகும். அந்தப் பரப்பில் ஒட்டிய பக்கம் வழுவழுப்பாக வரும், எழுத அந்தப் பக்கம்தான் சுகம்.

3. சட்டம் தயாரித்தல்

ஒரே அளவில் இரண்டு மரச் சட்டங்கள், உள் அளவு 21 செ.மீ., 15 செ.மீ. போட்டோ கடையில் கண்ணாடி இல்லாத சட்டம் வாங்கினாலும் சரி. ஒன்றில் கொசுவலையை முரசுத் தோல்போல் இழுத்துக் கட்டுங்கள். மற்றது வெறும் சட்டம். அதை வலையின் மேல் வைத்துப் பிடித்தால்தான் தாளுக்கு ஓரம் கிடைக்கும்.

வலை தொய்ந்தால் கூழ் நடுவில் தேங்கி, தாள் நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் வரும். இரும்பு ஆணியோ ஸ்டேப்ளர் பின்னோ அடிக்காதீர்கள். கடல் காற்றில் அவை விரைவில் துருப்பிடித்து, ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் கறையை ஏற்றும். சட்டத்தில் துளையிட்டு மீன்பிடித் தங்கூசியால், அதாவது தூண்டில் நைலான் இழையால், இழுத்துக் கட்டுவதுதான் என் வழக்கம். இந்த வேலையில் தங்கூசிக்கு உள்ள ஒரே இடம் இதுதான், ஏன் என்று தையலில் சொல்கிறேன்.

4. எந்தக் காகிதம்

ஒரு பக்கம் அச்சான ஏ4 தாள், முடிந்துபோன பள்ளி நோட்டு, ஜெராக்ஸ் கடைக் கழிவு எல்லாம் நல்லவை. 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று சுமார் 5 கிராம். 15 தாள் ஊறவைத்தால் உள்தாள் பன்னிரண்டும் போக, வீணாவதற்கும் கொஞ்சம் மிஞ்சும். அட்டைக்கு இன்னும் எட்டுத் தாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செய்தித்தாள் வேண்டாம். அதில் மர நாரைப் பிணைக்கும் லிக்னின் அப்படியே இருப்பதால் சீக்கிரம் மஞ்சளாகி நொறுங்கும். பளபளப்பான அழைப்பிதழ், ஏடிஎம் ரசீது, பஸ் டிக்கெட் ஆகியவையும் கூழுக்கு உதவாது.

ஸ்டேப்ளர் பின் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்து எடுங்கள். ஒன்று தப்பினாலும் மிக்ஸி பிளேடும் போகும், தாளும் துருவாகும்.

உறுதி வேண்டுமானால் நைந்த வெள்ளைப் பருத்தி வேட்டியை ஐந்தில் ஒரு பங்கு சேர்க்கலாம். சலவை சோடா போட்டு அரை மணி நேரம் கொதிக்கவைத்து, நன்றாக அலசி, ஒரு செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். நீளமாக விட்டால் நூல் பிளேடில் சுற்றி மோட்டார் திணறும். முதல் முறையே துணியில் கை வைக்காமல் வெறும் காகிதத்தில் பழகிக்கொள்வது நல்லது.

5. கூழ்

தபால்தலை அளவுக்குக் கிழியுங்கள். கத்தரித்தால் நார் வெட்டுப்படும், கிழித்தால் நீளமாக நிற்கும். ஒரு இரவு ஊறட்டும்.

சமையலுக்கு எடுக்காத பழைய ஜாரில் ஒரு கைப்பிடிக் காகிதம், முக்கால் ஜார் தண்ணீர். விட்டு விட்டு அரை நிமிடம் ஓட்டினால் போதும். அதிகம் அரைத்தால் நார் குட்டையாகித் தாள் பிய்யும், குறைத்தால் கட்டி நிற்கும். ஒரு சிட்டிகையைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கி வெளிச்சத்தில் பாருங்கள். எழுத்துள்ள துணுக்குகள் தெரிந்தால் இன்னொரு சுற்று.

பிறகு அரைத்த கூழில் ஒரு பகுதியைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, மீதியை அகலமான டப்பில் பத்து லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். புதியவர்கள் கூழைக் கெட்டியாகக் கரைத்துவிடுகிறார்கள். "அக்கா, வெறும் தண்ணீராட்டம் இருக்கே" என்று யாராவது சந்தேகப்பட்டால்தான் பதம் சரி.

6. தாள் எடுத்தல்

கையால் கலக்கிவிட்டு, கூழ் அடங்குவதற்கு முன் சட்டத்தை இறக்குங்கள். எதிர் ஓரத்திலிருந்து சாய்வாக உள்ளே விட்டு, தண்ணீருக்கடியில் மட்டமாக்கி, நேராகத் தூக்குங்கள். தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே இடவலமாக ஒரு முறை, முன்பின்னாக ஒரு முறை மெல்ல அசையுங்கள். அப்போதுதான் நார்கள் ஒன்றோடொன்று பின்னும். மேற்பரப்பின் மினுமினுப்பு போன பிறகு அசைக்கவே கூடாது, அசைத்தால் படிந்த நார் விலகி வெடிப்பு விழும்.

சரியாக வராத தாளைச் சுரண்டி எடுக்க வேண்டாம். சட்டத்தைக் கவிழ்த்துத் தண்ணீர் மேல் தொட்டால் கூழ் தானாகத் தொட்டிக்குள் இறங்கிவிடும்.

இரண்டு தாளுக்கு ஒரு முறை, எடுத்துவைத்த கூழில் ஒரு டம்ளரைத் தொட்டியில் சேருங்கள். ஒவ்வொரு தாளும் கூழைக் குறைத்துக்கொண்டே போவதால், சேர்க்காவிட்டால் கடைசித் தாள் வலைபோலத்தான் வரும்.

7. துணியில் கவிழ்த்தல், அழுத்துதல்

பழைய வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, மடித்த துண்டின் மேல் விரியுங்கள். சாயம் போகும் சேலைத் துண்டு ஆகாது. மேல் சட்டத்தை எடுத்துவிட்டு, வலைச் சட்டத்தின் நீள ஓரத்தை முதலில் பதித்து, உருட்டுவதுபோல் அழுத்தி, மறு ஓரத்தில் தூக்குங்கள்.

தாள் வலையை விட்டு வர மறுத்தால் ஒன்று துணி காய்ந்திருக்கும், இல்லை தாளில் தண்ணீர் அதிகம் நிற்கும். வலையின் பின்புறம் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தால் பிடி விடும்.

துணி, தாள், துணி என்று அடுக்கி இரண்டு பலகைகளுக்கு இடையில் வையுங்கள். முதலில் கையால், பிறகு மேலே ஏறி நின்று, அப்புறம் தண்ணீர்க் கேனை வைத்து அழுத்துங்கள். எடுத்த எடுப்பிலேயே முழுப் பாரம் ஏற்றினால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தாளையே பிளக்கும். இந்த அழுத்தத்தைச் சோம்பலில் குறைக்காதீர்கள். இங்கே பிழியாத ஈரம் காயும்போது இரட்டிப்பு நேரம் கேட்கும்.

8. அட்டைக்குத் தனியாக ஒரு தாள்

அட்டை உள்தாளை விட நீளமாக வேண்டும், ஆனால் சட்டம் ஒன்றுதான். இரண்டு ஈரத் தாள்களை 3 செ.மீ. ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி நீளவாக்கில் கவிழ்த்தால் பசையே இல்லாமல் ஒட்டிக்கொண்டு 39 செ.மீ. தாளாகும். அதன் மேல் இன்னும் ஓர் அடுக்குப் போடுங்கள். மேலடுக்கின் இணைப்பு கீழடுக்கின் இணைப்புக்கு நேராக வராமல் நாலைந்து செ.மீ. தள்ளி வரட்டும், நேராக வந்தால் அந்த இடம் முண்டு தட்டும்.

பின் அட்டை, முதுகு, முன் அட்டை மூன்றுக்கும் சேர்த்து 22.5 செ.மீ. போதும். மிச்சம் முன்பக்கத்தைச் சுற்றி மூடும் மடலாகிறது.

9. காயவைத்தல்

அழுத்திய தாளைத் துணியோடு எடுத்துப் பலகையில் ஒட்டி, துணியை ஓரத்திலிருந்து உரியுங்கள். ஓரங்களை விரலால் ஒருமுறை நீவிவிடுங்கள், ஓரம் பிடித்திருந்தால்தான் நடுப்பகுதி வளையாமல் காயும். விசிறியை நேராகத் தாள் மேல் திருப்பாமல் அறையில் காற்று சுற்றும்படி வையுங்கள்.

காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. விரலுக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குத் தெரியும்.

அவசரத்துக்கு அயர்ன் பாக்ஸ் ஆகுமா? முக்கால் பங்கு காய்ந்த தாளைத் துணிக்கு இடையில் வைத்துத் தேய்க்கலாம். சொட்டச் சொட்ட ஈரத்தில் வைத்தால் சுருக்கம் அப்படியே நிரந்தரமாகிவிடும்.

டிசம்பரில்தான் இதைப் படிக்கிறீர்களா? அப்படியானால் காகிதம் செய்வதைப் பொங்கலுக்குப் பிறகு வைத்துக்கொண்டு, கடையில் தடிமனான தாள் வாங்கி நேரே 11ஆம் படிக்குப் போங்கள். ஈரத்தோடு மல்லுக்கட்டிச் சோர்வதை விட அது மேல்.

10. கஞ்சி பூசுதல்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு, "மை ஊறுது" என்று வருபவர்கள் நிறைய. புதுக் கூழ்த்தாள் மை ஒற்றும் தாள்தான். பால்பாயின்ட் பேனாவுக்குப் பரவாயில்லை, மைப் பேனாவுக்கும் வாட்டர் கலருக்கும் பூச்சு கட்டாயம்.

அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மைதாவைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, ஆறியதும் வடிகட்டுங்கள். அகலத் தூரிகையால் இரு பக்கமும் மெல்லப் பூசி மறுபடி காயவையுங்கள். பிறகு இரண்டு நாள் புத்தகக் கட்டுக்கு அடியில் இருக்கட்டும்.

கெட்டிக் கஞ்சி ராமபாணப் பூச்சிக்கு விருந்து, அதனால் நீர்க்கவே வைத்துக்கொள்ளுங்கள். போஸ்டர் பசையில் போடுவதுபோல் மயில்துத்தம் கலக்கச் சொல்வார்கள். அது விஷம். குழந்தைகள் கையில் போகும் பொருளில் வேண்டாம். படிகாரமும் வேண்டாம், அது தாளில் அமிலத்தை ஏற்றி நாளடைவில் மஞ்சளாக்கும்.

11. மடித்தல், துளையிடல்

12 தாளை நான்கு நான்காக மூன்று கட்டாக்குங்கள். ஒவ்வொரு தாளையும் தனித்தனியே பாதியாக மடித்து, ஸ்பூன் முதுகால் நீவி, பிறகு ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகுங்கள். நான்கையும் சேர்த்து மடித்தால் உள்தாள் பிதுங்கும், மடிப்பும் கூராக நிற்காது. தலைப்பிலும் அடியிலும் சிறிது வெட்டி 14.5 செ.மீ. உயரமாக்குங்கள், 15 செ.மீ. அட்டைக்குள் அது அடங்கும்.

துளைகளுக்குக் கண்ணளவு உதவாது. 14.5 செ.மீ. நீளத்தில் ஒரு காகிதப் பட்டையைப் பாதியாக மடித்தால் நடுப்புள்ளி கிடைக்கும், இரு முனையிலிருந்தும் 2 செ.மீ. தள்ளி மற்ற இரண்டு. மூன்று கட்டுக்கும் அட்டை முதுகுக்கும் இதே பட்டைதான். தலைப்பக்கம் எது என்று அதில் எழுதிவையுங்கள், தப்பித் தவறித் திருப்பி வைத்தால் துளைகள் நேர் நிற்காது.

கட்டைத் திறந்து, சுருட்டிய பாய் மேல் வைத்து, மடிப்பின் உள்ளிருந்து வெளியே குத்துங்கள். சாதாரண தடித்த ஊசி போதும். கோணி ஊசியும் வலை பின்னும் ஊசியும் வீட்டில் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள், அந்தத் துளையில் நூல் நிற்காது.

அட்டை முதுகு 1.5 செ.மீ. அகலம். அதன் உட்புறம் ஒரு காலிகோத் துணிப் பட்டையை ஃபெவிகால் மெல்லியதாகத் தடவி ஒட்டி, ஓர் இரவு பாரத்தின் கீழ் வையுங்கள். வெறும் காகித முதுகு நூல் இழுப்பில் கிழியும். மைதாப் பசையில் தண்ணீர் அதிகம், மழைக்காலத்தில் அது காய்வதற்குள் பூஞ்சை முந்திக்கொள்ளும். காய்ந்த பின் முதுகில் 5 மி.மீ. இடைவெளியில் மூன்று வரிசைத் துளைகள் இடுங்கள்.

12. தையல்

கட்டுக்கு 45 செ.மீ. பருத்தி நூல், இரண்டு மூன்று இழை சேர்த்தது. மெழுகுவர்த்தியில் ஒருமுறை உரசி இழுத்தால் சிக்காது, முடிச்சும் நழுவாது.

தங்கூசி இங்கே கூடவே கூடாது. அறுந்து போகாதுதான், ஆனால் காகிதத்தை அறுக்கும். முடிச்சும் அதில் வழுக்கும்.

முதல் கட்டை அட்டைக்குள் வைத்து, உள்ளிருந்து நடுத்துளை வழியே ஊசியை வெளியே எடுங்கள். நூலின் வாலைப் பத்து செ.மீ. உள்ளேயே விட்டுவையுங்கள். வெளியே மேலேறி, மேல்துளையில் உள்ளே வாருங்கள். உள்ளே நடுத்துளையைத் தாண்டி நேராகக் கீழ்த்துளைக்கு இறங்கி வெளியே போங்கள். வெளியிலிருந்து மறுபடி நடுத்துளைக்குள் வாருங்கள்.

இந்தக் கடைசிக் குத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நடுத்துளையில் ஏற்கெனவே ஒரு நூல் இருக்கிறது, ஊசி அதைப் பிளந்துகொண்டு போனால் பிறகு இறுக்கவே முடியாது. நூலை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் குத்துங்கள்.

இப்போது உள்ளே ஒரு நீளத் தையலும் நடுவில் இரண்டு நூல் முனைகளும் இருக்கும். முனை ஒன்று நீளத் தையலுக்கு இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் நிற்க, அதன் மேல் இரட்டை முடிச்சுப் போடுங்கள். அந்தத் தையலைச் சேர்த்துக் கட்டாவிட்டால் அது தொளதொளவென்று நிற்கும். இறுக்கும்போது நூலை முதுகின் நீளவாக்கில் இழுங்கள், மேல்நோக்கித் தூக்கினால் துளை கிழியும்.

மற்ற இரண்டு கட்டும் இப்படியே, தனித்தனி நூலில். ஒன்று அறுந்தாலும் மற்றவை பிடித்திருக்கும், பழுது பார்ப்பதும் எளிது. மடலைக் கட்ட ஒரு சிரட்டைப் பொத்தானும் நூலும் போதும்.

13. நினைவுப் பொருள்கள்

பாசி அட்டைதான் எனக்குப் பிடித்தது. கரை ஒதுங்கிய மெல்லிய சிவப்புப் பாசியை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, தட்டில் தண்ணீர் ஊற்றி மிதக்க விடுங்கள். கஞ்சி பூசிய தாளை அடியில் நுழைத்து, ஊசி முனையால் கிளைகளைப் பிரித்துவிட்டு, மெதுவாகத் தூக்குங்கள். மேலே மெல்லிய பருத்தித் துணி, அதன் மேல் செய்தித்தாள், அதன் மேல் பாரம். செய்தித்தாளைத் தினமும் மாற்றுங்கள், துணியைக் கடைசிவரை தொடாதீர்கள். நடுவில் உரித்தால் பாசியும் கூடவே வரும். பெரும்பாலான மெல்லிய பாசிகள் தங்கள் பிசினாலேயே ஒட்டிக்கொள்ளும். சதைப்பற்றான கப்பாபைகஸ், அதாவது இங்கே பெப்சி பாசி என்பார்களே, அது இதற்கு ஆகாது.

ஒரு கண்டிப்பு. பவளத் துண்டு, கடல் விசிறி, கடல் குதிரை எதையும் எடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இவை பாதுகாக்கப்பட்டவை. கரையில் செத்துக் கிடந்தாலும், விலைக்குக் கிடைத்தாலும் குற்றம்தான். பாதுகாக்கப்பட்ட சங்கு வகைகளும் இருப்பதால், எது என்று அடையாளம் தெரியாத சிப்பியை விட்டுவிடுங்கள்.

பூக்களில் காகிதப்பூ நிறம் மங்காமல் நிற்கும். செம்பருத்தி ஈரத் தாளில் சாயம் விடும். அடும்பு இலை பார்க்க அழகு, ஆனால் தடித்த இலை, உள்ளே நீர் நின்று கறுக்கும். சவுக்கு ஊசியிலையைக் கூழோடு தூவினால் நன்றாக இருக்கும்.

விதைத்தாள் செய்கிறவர்கள் கீரை விதையைத் தாள் எடுத்த பிறகு மேலே தூவி, இன்னொரு மெல்லிய ஈரத் தாளால் மூடுங்கள். ஒரே நாளில் காய வேண்டும். தடித்த விதைத்தாள் மழை நாளில் காய்வதற்குள் பலகையிலேயே முளைத்துவிடும். திருநீற்றுப்பச்சை விதை நனைந்ததும் வழுவழுவென்று ஊதிக்கொள்ளும், அது சரிப்படாது.

பயண டிக்கெட்டை ஒட்டுவதானால் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். இயந்திரத்தில் அடித்துத் தரும் டிக்கெட்டின் எழுத்து வெப்பத்தில் பதிந்தது, காலப்போக்கில் வெளுத்துப்போகும். அட்டையில் கடற்கரை மணல் ஒட்டும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். உதிரும், உரசும், உப்பும் கூட.

14. பாதுகாத்தல், கொடுத்தல்

முழுக்கக் காய்ந்த பின்தான் பிளாஸ்டிக் உறை. கொஞ்சம் ஈரத்தோடு மூடினால் உள்ளேயே பூஞ்சை வளரும். செருப்புப் பெட்டி, பை இவற்றோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்தால் மழைக்காலத்துக்கு ஆகும். பூச்சிக்கு ஒரு துண்டு வசம்பு, துணியில் முடிந்து. இரும்பு பீரோவின் தரையில் நேரே வைக்காதீர்கள், துருக் கறை ஏறும்.

பரிசாகக் கொடுக்கப் பனை ஓலைக் கொட்டானை விடப் பொருத்தமான பெட்டி நம் பக்கத்தில் இல்லை. வாங்கியதும் ஒரு நாள் வெயிலில் காட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள், புது ஓலையில் ஈரம் இருக்கும். வெளியூருக்குத் தபாலில் போவதானால் கொட்டானுக்கு வெளியே ஓர் அட்டைப் பெட்டி வேண்டும், ஓலை மூடி அழுத்தத்தில் நசுங்கும். எந்தப் பேனாவில் எழுதலாம் என்று ஒரு துண்டுச் சீட்டு வைத்துவிடுங்கள். வெட்டி மிஞ்சிய தாளில் நீங்களே எழுதிப் பார்த்த பேனாவாக அது இருக்கட்டும்.